ஸ்பைஸ் சுற்று சிமுலேட்டரில் மெம்ரிஸ்டருக்கு (ஓடிய மின்னோட்டத்துக்கேற்ப மின்தடை மாறி, அதை நினைவில் வைத்திருக்கும் சாதனம்) ஒரு கணித மாதிரி எழுதினேன், மின்னோட்டம்-வோல்ட்டேஜ் வரைபடத்தில் எட்டு வடிவ வளைவு வந்துவிட்டது. இதை நினைவகச் சுற்றுக்குப் பயன்படுத்தலாமா?

அவசரப்படாதீர்கள். எம்.இ. படிக்கும்போது நானும் அந்த எட்டைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். ஓ.எம்.ஆர். பக்கம் விடுதி அறையில் இரவு இரண்டு மணிக்கு நண்பனை எழுப்பிக் காட்டித் திட்டும் வாங்கினேன். (ரிச்சி தெருவில் கேட்டுப் பார்த்தும் மெம்ரிஸ்டர் கிடைக்கவில்லை, எங்களுக்கு சிமுலேஷன்தான் கதி.)

நீங்கள் எடுத்தது அநேகமாக 2008-இல் எச்.பி. ஆய்வகத்தார் வெளியிட்ட மாதிரியாக இருக்கும். டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தில் ஆக்சிஜன் வெற்றிடங்கள் (ஆக்சிஜன் அணு இல்லாத காலி இடங்கள்) நிறைந்த பகுதிக்கு மின்தடை குறைவு, மீதிக்கு அதிகம். இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை, ஓடும் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் நகரும். எளிமையான மாதிரி, ஆனால் சிக்கலும் அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தடைகள் 100 ஓம், 16 கிலோஓம், தடிமன் 10 நானோமீட்டர், வெற்றிடங்களின் இயங்குதிறன் (எவ்வளவு எளிதில் நகரும் என்பது) வழக்கமான 10⁻¹⁴ (எஸ்.ஐ. அலகில்). 1 வோல்ட் கொடுத்தால் எல்லை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக சுமார் 0.8 வினாடி. 0.1 வோல்ட் என்றால் 8 வினாடி, சரியாகப் பத்து மடங்கு. அதாவது இந்த மாதிரியில் ரீட் (படித்தல்) என்பது மெதுவான ரைட் (எழுதுதல்), அவ்வளவுதான். 0.1 வோல்ட்டில் 1 மைக்ரோவினாடி ரீட் பல்ஸை ஒரே திசையில் பத்து லட்சம் முறை கொடுத்தால், அதிகத் தடை நிலையிலிருந்து எல்லை சுமார் 6 சதவீதம் நகர்ந்துவிடும். நிஜச் சாதனங்கள் அப்படி இல்லை. அவை நானோவினாடிகளில் மாறும், ஆனால் சின்ன வோல்ட்டேஜில் வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கும். வோல்ட்டேஜுக்கும் வேகத்துக்கும் நேர்க்கோட்டு உறவே கிடையாது.

அப்புறம் சாளரச் சார்பு, அதாவது எல்லை படலத்தின் முனையைத் தாண்டிப் போகாமலிருக்க அதன் வேகத்தோடு பெருக்கும் சார்பு. ஜோக்லேகர் சாளரம் போட்டிருந்தால், எல்லை ஒரு முனையைத் தொட்டதும் சார்பின் மதிப்பு பூஜ்யமாகி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மின்னோட்டத்தைத் திருப்பினாலும் வராது. நான் ஒரு வாரம் சிமுலேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பியோலெக் சாளரம் மின்னோட்டத் திசையையும் பார்ப்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

நினைவகத்துக்கு என்றால் விடீம் (VTEAM) என்ற மாதிரிக்கு மாறிவிடுங்கள். அதில் வோல்ட்டேஜ் வாசல் உண்டு, அதற்குக் கீழே நிலை மாறாது. அளவுருக்களை ஒரே ஒரு வளைவோடு பொருத்திவிட்டு நிறுத்தாதீர்கள். வேறுவேறு அகலமுள்ள பல்ஸ்களில் எடுத்த அளவீடுகளோடும் பொருத்துங்கள். எட்டு அழகாக வந்த அளவுருக்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.