‘டெரிஃபிக்’ பாராட்டா, பயமா?

கேள்வி: நன்றாகப் படிக்கும் பிள்ளையை ‘டெரிஃபிக்’ என்று பாராட்டுகிறோம். ஆனால் அகராதியோ ‘அச்சமூட்டும்’ என்றும் பொருள் தருகிறது. இவற்றுள் எது சரி?

பதில்: இரண்டும் சரி, மூத்த பொருள் அச்சந்தான். லத்தீனில் ‘டெரேரே’ என்றால் அச்சுறுத்துதல், ‘ஃபாகெரே’ என்றால் செய்தல். இவ்விரண்டும் சேர்ந்து உருவான ‘டெரிஃபிகுஸ்’ என்ற சொல்லே ஆங்கிலத்துக்கு வந்தது. 1667-இல் வெளியான ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் ஏழாம் பகுதியில், பாம்பின் பிடரி மயிரை ஆங்கிலக் கவிஞர் மில்டன் இச்சொல்லால்தான் வருணிக்கிறார். பார்க்க அச்சந்தருவதாயினும் உனக்குத் தீங்கு செய்யாது என்று ஆதாமிடம் வானதூதர் கூறும் இடம் அது. தீங்கில்லாத அச்சம் என்ற எண்ணம் அங்கேயே இச்சொல்லோடு ஒட்டிக்கொண்டிருப்பது, பிற்காலத்தில் அது போன திசையை அறிந்து படிக்கும்போது எனக்குப் பெருவியப்பைத் தருகிறது.

அச்சந்தரும் புயலும் இடியும் அளவில் பெரியவை என்பதால், அச்சம் மெல்ல விலகி, ‘மிகப் பெரிய’, ‘மிகக் கடுமையான’ என்ற பொருள் தங்கிவிட்டது. மிகுதியைக் குறித்த சொல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிறப்பையும் குறிக்கலாயிற்று.

இதைப் புரிந்துகொள்ள நம் பேச்சைக் கவனித்தாலே போதும். ‘பயங்கரம்’ என்ற வடசொல்லும் பயம், செய்வது என்ற இரு உறுப்புகளால் ஆனது. ‘டெரிஃபிகுஸ்’ எப்படி அமைந்ததோ அப்படியே இதுவும் அமைந்திருக்கிறது. ‘பயங்கரமான விபத்து’ என்னும்போது அதில் அச்சம் இருக்கிறது. ‘பயங்கரக் கூட்டம்’ என்னும்போது மிகுதி மட்டுமே இருக்கிறது. ‘பயங்கரமா நடிச்சிருக்கார்’ என்னும்போதோ அது முழுப் பாராட்டாகிவிடுகிறது. வெவ்வேறான இரு மொழிச் சூழல்களில் ஒரே பொருளுடைய சொற்கள் ஒரே படிகளில் ஏறியிருக்கின்றன. ‘டெரரிஸம்’ என்பதை நாம் ‘பயங்கரவாதம்’ என்று பெயர்த்ததும் இந்தப் பொருத்தத்துக்கு இன்னொரு சான்று.

ஒரே வேரில் பிறந்த ‘டெரிபிள்’ மட்டும் பாராட்டாக மாறவில்லை; மோசம் என்ற பொருளிலேயே நின்றுவிட்டது. ஆனால் அதன் வினையடையான ‘டெரிபிளி’ வெறும் மிகுதியைக் காட்டவும் வரும். ஆகவே 17, 18-ஆம் நூற்றாண்டு நூல்களில் ‘டெரிஃபிக்’ வந்தால் முதலில் அச்சம் என்றே கொண்டு படியுங்கள். இக்காலப் பேச்சில் அது பாராட்டாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.