நீராலை, காற்றாலை, செக்கு: கேள்வி பதில்

குடியாத்தம்: ஐயா, இமயமலையில் நீராலை இருக்கிறது. நம் பாலாற்றில் ஏன் இல்லை?

நீராலைக்கு வேகமாக விழுந்து ஓடும் தண்ணீர் வேண்டும். உத்தராகண்டில் ‘கராட்’ என்கிற நீராலைக்கு மலை ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, சரிவான மரத்தொட்டி வழியாகத் தண்ணீரைச் சக்கரத்தில் மோத விடுவார்கள். மேலே திருகைக்கல் சுழலும். பாலாற்றிலோ தண்ணீர் பெரும்பாலும் மணலுக்கடியில். பல இடங்களில் ஊற்றுக்கால் தோண்டித்தான் வயலுக்கே எடுத்தார்கள். அதனால் இங்கே மாடுதான் ஆலை: எண்ணெய்க்குச் செக்கு, கிணற்றுக்குக் கவலை, அதாவது மாடு இழுக்கும் நீரிறைப்பு. பம்புசெட் வந்து கவலை போனது. ரோட்டரி, எக்ஸ்பெல்லர் என்கிற எண்ணெய் இயந்திரங்கள் வந்து செக்கு போனது.

காட்பாடி: முப்பந்தல் காற்றாலை பற்றிச் சொல்லுங்கள்.

அது மின்சாரம் எடுப்பது. மின்துறைக்காரரைக் கேளுங்கள்.

ஆம்பூர்: நெதர்லாந்தில் பழைய காற்றாலைகளை எப்படிக் காப்பாற்றினார்கள்?

19-ஆம் நூற்றாண்டில் அங்கே சுமார் 10,000 ஆலைகள் இருந்தன. நீராவி, டீசல், மின்சாரம் என்று ஒவ்வொன்றாக வந்ததில் இன்று மிஞ்சியவை ஆயிரத்துச் சொச்சம். ஆலைகளைக் காக்க 1923-லேயே சங்கம் கண்டார்கள். கட்டடத்தைப் பூசி நிறுத்தினால் மட்டும் போதாது, ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று 1972-இல் தன்னார்வ ஆலைக்காரர்களுக்கே தனிச் சங்கம் வந்தது. பயிற்சி உண்டு, தேர்வும் உண்டு. கிண்டர்டைக்கின் 19 காற்றாலைகள் 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 2017-இல் ஆலை ஓட்டும் தொழில்திறமையும் யுனெஸ்கோவின் வேறொரு பட்டியலில் சேர்ந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது இந்த இரண்டாவதுதான். நம்மிடம் செக்கு கிடக்கிறது, ஓட்டியவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆற்காடு: வீட்டு முன்னால் பழைய கல்செக்கு. பெயிண்ட் அடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். முதலில் எழுத்து இருக்கிறதா பாருங்கள். செய்து கொடுத்தவர் பேரும் ஆண்டும் வெட்டிய செக்குகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. உளியால் சுரண்டாதீர்கள், சிமெண்டில் புதைக்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு வேலூர்க் கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

திருப்பத்தூர்: மோட்டார் வைத்த மரச்செக்கு பாரம்பரியமா?

உரலும் உலக்கையும் மரமாக இருந்து, மெதுவாகச் சுற்றினால் அது செக்குதான்.

வாணியம்பாடி: ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. மாடு இல்லாவிட்டால் அது மிஷின்.

தம்பி, மாட்டுக்குத் தீவனம் போட்டுக் கட்டுப்படியாகாமல்தான் பல வாணியர் குடும்பங்கள் செக்கை விட்டன. மோட்டார் வைத்தாவது ஒருவர் பிழைத்தால் தொழில் நிற்கும். நெதர்லாந்திலும் சில மாவாலைகளில் காற்றில்லாத நாளுக்குத் துணை மோட்டார் உண்டு.

திருப்பத்தூர்: அப்படிச் சொல்லுங்கள்!

அவசரப்படாதீர்கள். வாணியம்பாடித் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாட்டின் நடைக்கு எள் அவ்வளவாகச் சூடேறாது. வேகத்தைக் கூட்டிய மோட்டாரில் ஏறும். அப்புறம், கருப்பட்டி எப்போது போடுவது, எவ்வளவு தண்ணீர் தெளிப்பது, பிண்ணாக்கு எப்போது இறுகுகிறது, இதெல்லாம் மாட்டோடு சுற்றியவர்களின் கையில் இருக்கிறது. ஆகவே கடைக்கு மோட்டார் இருக்கட்டும். வட்டாரத்துக்கு ஒரு மாட்டுச்செக்காவது ஓடட்டும், இளைஞர்கள் அங்கே கற்கட்டும்.

வாலாஜா: கல்செக்குக்கு என்ன பெயிண்ட்?

ஆற்காட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ராணிப்பேட்டை: எந்த எண்ணெய் இதயத்துக்கு நல்லது?

மருத்துவரைக் கேளுங்கள்.

ஆரணி: தாத்தாவின் மரச்செக்கை மறுபடி ஓட்ட ஆசை.

நல்ல ஆசை. பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டிலும் அடையாளம் போட்டு, உலக்கையின் சாய்வை அளந்து எழுதுங்கள். செக்கு செய்து பழகிய தச்சரிடமே கொடுங்கள். சரிபார்க்கும்போதும் வெறும் செக்கை ஓட்டாதீர்கள், உரல் தேயும். திருகையும் அப்படித்தான்: தானியம் இல்லாவிட்டால் கல்லோடு கல் உரசி, கல்லில் உளியால் போட்ட கொத்து அழியும், தீப்பொறியும் பறக்கும். முதலில் கொஞ்சம் எள் போடுங்கள்.