ஸ்கின் அனலைசர்: பார்லர் நடத்துபவர்கள் கேட்டவை

கல்யாண சீசன் நெருங்கினால் போதும், மெஷின் விற்பவர்கள் பார்லர் பார்லராக ஏறி இறங்க ஆரம்பித்துவிடுவார்கள். இந்த முறை எனக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஸ்கின் அனலைசர், அதாவது முகத்தைப் படம் எடுத்துத் தோலை அலசிச் சொல்லும் மெஷின் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தேனியில் வீட்டு மாடியில் சின்ன பார்லர் வைத்திருக்கிறேன். எட்டு ஸ்பெக்ட்ரத்தில் (எட்டு விதமான வெளிச்சத்தில்) முகத்தைப் படம் எடுக்கும் மெஷின் ஒன்றை டெமோ காட்டினார்கள். ஆசையாக இருக்கிறது, வாங்கலாமா அக்கா?

எட்டு என்றதும் மயங்காதீர்கள். இந்த மாதிரி மெஷின்களில் பெரும்பாலும் உண்மையான வெளிச்சம் மூன்று நான்குதான்: சாதாரண வெள்ளை வெளிச்சம், இரண்டு விதமான போலரைஸ்டு (ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டிய) வெளிச்சம், அப்புறம் யூவி என்ற புற ஊதா வெளிச்சம். போலரைஸ்டில் பேரலல் என்பது மேல்தோலைத் தூக்கிக் காட்டும், துளை, சுருக்கம், எண்ணெய்ப் பளபளப்பு எல்லாம் அதில் தெரியும். கிராஸ் என்பது அந்தப் பளபளப்பை வெட்டிவிட்டு உள்ளே இருக்கும் கருமையையும் சிவப்பையும் காட்டும். மீதி 'பிரவுன் மேப்', 'ரெட் மேப்' எல்லாம் இதே படங்களை சாஃப்ட்வேர் பிரித்து வண்ணம் அடித்துத் தருவது. அதில் தப்பில்லை, ஆனால் எண்ணிக்கைக்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், ஒரே முகத்தை மூன்று தடவை எடுத்தால் ஒரே பதில் வருகிறதா? டெமோவிலேயே செய்து பாருங்கள். ஒரு தடவை எடுங்கள், எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி எடுங்கள், ஜன்னல் திரையை விலக்கிவிட்டு மூன்றாவது. ஒருமுறை என் நாத்தனாரை உட்காரவைத்து இப்படிச் சோதித்தேன். துளைகளுக்கு முதலில் 62 மதிப்பெண், பத்து நிமிஷத்தில் திரையை விலக்கியதும் 47. முகத்தில் கைகூட வைக்கவில்லை. "லைட்டிங் மேடம்" என்றான் டெமோ பையன். அதைத்தானே தம்பி நானும் சொல்கிறேன்! நாலு சிட்டிங் முடிந்து கஸ்டமருக்கு முன்-பின் படம் காட்டும்போது, மாறியது தோலா திரையா என்று உங்களுக்கே தெரியாவிட்டால் அந்த மெஷின் எதற்கு? தாடைத் தாங்கி ஆடாமல் இருக்கிறதா, வெளி வெளிச்சம் புகாமல் மூடி இருக்கிறதா, பழைய படத்தை மங்கலாகக் காட்டி அதே கோணத்துக்கு முகத்தைத் திருப்ப உதவுகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள்.

மாதம் பத்துப் பதினைந்து ஃபேஷியல்தான் என்றால் இப்போதைக்கு வேண்டாம். ஒரு நல்ல போன், ட்ரைபாட், ரிங் லைட், நாற்காலி நிற்கும் இடத்தில் தரையில் டேப். ஒரு வருஷத்துக்கு இதுவே தாராளம்.

உட்ஸ் லேம்ப் மட்டும் வாங்கினால் போதுமா?

ஆரம்பிப்பவர்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். தோலை யூவி வெளிச்சத்தில் பார்க்கும் இந்தக் கை விளக்கு, ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1903-ல் உருவாக்கியது. 1925 முதல் தோல் மருத்துவத்தில் இருக்கிறது. சுமார் 365 நானோமீட்டர் யூவி. அறை கும்மிருட்டாக இருக்க வேண்டும், பல்பு ரகம் என்றால் ஒரு நிமிஷம் சூடாக விட்டு, கஸ்டமர் கண்ணை மூடி மறைத்து, முகத்திலிருந்து 10-15 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். முகப்பரு பாக்டீரியா விடும் போர்ஃபிரின் என்ற பொருள் துளைகளில் ஆரஞ்சு-சிவப்புப் பொட்டுகளாக மின்னும். மங்கு மேல்தோலில் இருந்தால் கருமை இன்னும் அழுத்தமாகத் தெரியும், ஆழத்தில் இருந்தால் பெரிதாக மாறாது. ஆனால் நம் ஊர் மாநிறத்திலும் கருப்பிலும் இந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வராது, அதனால் இதை நம்பி பீலிங்கில் (தோலின் மேலடுக்கை உரிக்கும் சிகிச்சையில்) இறங்காதீர்கள்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி லேம்ப்பைப் போட்டதும் "அய்யோ அக்கா, முகமெல்லாம் பச்சையும் மஞ்சளுமா மின்னுது, இன்ஃபெக்‌ஷன்!" என்று பதறிவிட்டாள். ஒன்றுமில்லை, அந்த அம்மா வெள்ளிக்கிழமை என்று மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்திருந்தார். மஞ்சளில் இருக்கும் குர்குமின் யூவியில் அப்படித்தான் மின்னும். பஞ்சுத் துணுக்கு, வாஸ்லின், சில கிரீம்களும் இப்படி ஏமாற்றும். முகத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள்.

ஈரப்பதம் காட்டும் பேனா ஒரே கஸ்டமருக்குக் காலையில் 28, மதியம் 45 காட்டுகிறது. மெஷின் கெட்டுப்போச்சா?

கெட்டுப்போகவில்லை, அவர் வெயிலில் நடந்து வந்திருப்பார். இந்தப் பேனாக்களில் பல, தோலில் மிக லேசான மின்சாரம் விட்டுப் பார்ப்பவை. வியர்வையும் அதிலுள்ள உப்பும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், எண் ஏறிவிடும். ஆய்வுக்கூடங்களில் இந்த மாதிரி அளவுகளுக்கு 20-22 டிகிரி, 40-60 சதவீத ஈரக்காற்று என்று வைத்துக்கொண்டு, ஆளையும் இருபது நிமிஷமாவது உட்காரவைக்கிறார்கள். சித்திரை வெயிலில் சென்னையில் படியேறி வந்தவரிடம் உடனே பேனாவை வைத்தால் அது வியர்வையைத்தான் அளக்கும். ஏசியில் உட்காரவைத்து, ஒரே இடத்தில் ஒரே அழுத்தத்தில் மூன்று தடவை வைத்து சராசரி எடுங்கள். சதவீதம் என்று போட்டிருப்பதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள், முந்தைய எண்ணோடு ஒப்பிட மட்டும் அது உதவும்.

கருப்பான கஸ்டமர் யார் வந்தாலும் 'பிக்மென்டேஷன் மோசம்' என்றே ரிப்போர்ட் வருகிறது. அவர்கள் முகம் வாடிவிடுகிறது.

வாடாமல் என்ன செய்யும்! 1975-ல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் டாக்டர், வெயில் பட்டால் தோல் எப்படி மாறுகிறது என்று வைத்துத் தோல் வகைகளைப் பிரித்தபோது வெள்ளைத் தோலுக்குத்தான் நாலு வகை போட்டார். நம் நிறங்கள் அடங்கும் 5, 6 பிறகு சேர்ந்தவை. மெஷினின் மதிப்பெண்ணும் ஏதோ ஒரு கூட்டத்து முகங்களோடு ஒப்பிட்டு வருவதுதான். யாருடைய முகங்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள், பதில் வராவிட்டால் மதிப்பெண் பக்கத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கழுத்துக் கருமைக்கு மெஷின் பேக்கேஜ் சிபாரிசு செய்கிறது. கொடுக்கலாமா?

தடவிப் பாருங்கள். வெல்வெட் மாதிரி தடித்து, அக்குளிலும் இருந்தால் அது அழுக்கும் இல்லை, வெயிலும் இல்லை. இன்சுலின் கோளாறோடு வருவதாக இருக்கலாம், "சுகர் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்புங்கள். புதிதாக வெள்ளைத் திட்டு, அளவோ நிறமோ மாறும் மச்சம், கடை கிரீம் வருஷக்கணக்கில் போட்டு முகமெல்லாம் பரவிய சிவப்பு, இதெல்லாமும் தோல் டாக்டர் பார்க்க வேண்டியது. நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலை இல்லை, மெஷின் பெயர் சொன்னாலும்.

கஸ்டமர் முகப் படங்களை வைத்திருப்பதில் சிக்கல் வருமா?

எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரிடம். சம்மதம் வேண்டும், 18-க்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. விளம்பரத்துக்குப் போடுவதற்குத் தனியாகக் கேளுங்கள். வாங்கும் முன் இன்னொன்று: படங்கள் உங்கள் டேப்லெட்டில் இருக்குமா, கம்பெனி சர்வருக்குப் போகுமா, வருஷ சந்தாவை நிறுத்தினால் பழைய படங்கள் கைக்கு வருமா? வாயால் சொல்வதை வைத்துக்கொண்டு முன்பணம் கொடுக்காதீர்கள், பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.