எண்ணூர் கொட்டகையில் ஒரு ஸ்பிட்ஃபயர்: வாங்கலாமா?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன், வயது 31. எண்ணூரில் ஒரு கொட்டகையில் 1966 மாடல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் (கூரையில்லாத பிரிட்டிஷ் கார்) நிற்கிறது. 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் சீட் வரை தண்ணீர் ஏறியதாம். இன்ஜின் சிக்கிக்கொண்டிருக்கிறது. உரிமையாளர் 2009-ல் காலமாகிவிட்டார், ஆர்.சி. புக் இன்னும் அவர் பெயரில்தான். புரோக்கர் நாலரை லட்சம் கேட்கிறார். "பேப்பர் எல்லாம் ரெடி, இன்னும் ரெண்டு லட்சம் போட்டால் ஓடும்" என்கிறார். இன்ஜினை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: தம்பி, இன்ஜின் பயத்தை ஓரமாக வையுங்கள். பழைய வண்டி பார்க்க வருகிற எல்லோரும் முதலில் பானட்டைத்தான் திறக்கிறார்கள். பணம் போகிற இடம் அது இல்லை.

ஸ்பிட்ஃபயரின் 1147 சிசி இன்ஜின், நம் ஊரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் இன்ஜினுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி நாலைந்து நாள் ஊறவிடுங்கள். அப்புறம் இன்ஜினின் முன்பக்கப் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாக அசைக்க வேண்டும். யார் சொன்னாலும் செல்ஃப் அடிக்காதீர்கள். அசையவே இல்லை என்றாலும் பிரித்து லேத்தில் ரீபோர் செய்துவிடலாம். பிஸ்டன், பேரிங் எல்லாம் பிரிட்டனில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. அசைந்துவிட்டால், ஒருவரை கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டு புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னே நகர்ந்தால் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கிற த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. இந்த இன்ஜினின் பழைய வியாதி அது.

பயப்பட வேண்டியது கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டியைப் பார்த்து. டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்பார்கள். ஹெரால்டில் அது பேருக்குத்தான், பாரமெல்லாம் சேஸிஸ் மேல். ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ் நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒடுங்கி ஓடுகிறது. பக்கத்துச் சட்டம் இல்லை, கூரையும் இல்லை. பாடி மடங்காமல் நிற்பதே இந்தப் பெட்டியால்தான். ஹெரால்டில் கைதேர்ந்த டிங்கர்கூட இதில் தடுமாறுவார். கதவு இடைவெளியில் குழாய் வைத்து வெல்டு அடித்து முட்டுக்கொடுக்காமல் பெட்டியை அறுத்தால், வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு ஜென்மத்துக்கும் மூடாது.

கதவின் பின்பக்க இடைவெளி கீழே அகலமாகவும் மேலே நெருக்கமாகவும் இருந்தால் ஏற்கெனவே தொய்வுதான். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை பெட்டி நெடுக ஓட்டிப் பாருங்கள்; ஒட்டாத இடமெல்லாம் துருவை மறைக்கப் பூசிய பட்டி. அடியில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். புரோக்கர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அந்த வெள்ளத்தில் எண்ணூரில் எண்ணெயும் சேர்ந்து மிதந்ததே, அது பட்டதால் துரு பிடிக்காது என்று ஒரு புரோக்கர் என்னிடமே சொன்னார். எண்ணெய் மேலே மிதக்கும். பெட்டிக்குள் போய்த் தங்குவது கழிமுகத்து உப்புத் தண்ணியும் சேறும். அந்த எண்ணெயால் ஒரே ஒரு நன்மை உண்டு. கதவின் உள்பக்கத் துணியை உரித்தால் கறுப்புக் கோடு தெரியும். தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை அது பொய் சொல்லாது.

அடுத்தது நம்பர். இந்த வண்டிக்குக் கம்பெனி போட்ட எண் (நம்பர் பிளேட் எண் இல்லை) ரிவெட் அடித்த சின்னத் தகட்டில் இருக்கிறது. இரண்டு ரிவெட்டைத் துளைத்து எடுத்தால் செத்த வண்டியின் தகடு உயிருள்ள வண்டிக்கு வந்துவிடும். ரிவெட் புதுசாகப் பளபளத்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். 1966 மாடலில் வண்டி எண்ணும் இன்ஜின் எண்ணும் எஃப்.சி. என்று தொடங்க வேண்டும் (ஃபிட்னஸ் எஃப்.சி. இல்லை). இன்ஜினில் ஜி.ஏ. என்றிருந்தால் அது ஹெரால்டு 1200-லிருந்து கழற்றி மாட்டியது.

இப்போது "பேப்பர் ரெடி". எனக்கு ரத்தம் கொதிக்கிற வார்த்தை இது. ரெடி என்றால் கையெழுத்துப் போட்ட 29, 30 பெயர் மாற்றப் படிவங்கள், தேதி எழுதாமல். 2009-ல் இறந்தவர் இன்றைக்குக் கையெழுத்துப் போட்டதாகத் தேதி எழுதப்போவது யார்? நீங்கள். மாட்டப்போவதும் நீங்கள்.

உரிமையாளர் இறந்திருந்தால் சரியான வழி ஒன்றுதான். முதலில் வாரிசு பெயருக்கு 31-ஆம் படிவத்தில் மாற்ற வேண்டும்: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல். அதன்பிறகு அந்த வாரிசு உங்களுக்கு 29, 30 போட்டு விற்க வேண்டும். வாரிசில் ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தாலும் அவர் ஒப்புதலும் வேண்டும். "மூத்த மகன் சம்மதிச்சிட்டார்" என்பது போதாது. தங்கை கணவர் ஒருநாள் வந்து நிற்பார், வண்டி பளபளவென்று ஆன பிறகு. ஆகவே புரோக்கரை விடுங்கள், குடும்பத்தைப் பாருங்கள். எல்லா வாரிசுகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசாமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

"ஆர்.சி. தகராறு என்றால் வின்டேஜ் நம்பர் எடுத்துக்கலாம்" என்றும் சொல்வார்கள். 2021-ல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய, அசல் நிலையிலுள்ள வண்டிக்கு வின்டேஜ் பதிவு உண்டு; புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் இங்கே ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி.யைத்தான் கேட்பார்கள். தவிர கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் இவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். சாதாரணப் பதிவையே புதுப்பிக்கப் போனால், 20 வருடம் தாண்டிய இறக்குமதி காருக்கு 2025-லிருந்து 80,000 ரூபாய். மாசு குறையவாம்! வருடத்துக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டி இது. ஒரு வாடிக்கையாளருக்காக ஓர் ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தேன். பழைய பதிவேடு கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்றார்கள். ஏற்றச் சொன்னால், டிரையம்ப் என்று தட்டினால் மோட்டார் சைக்கிள்தான் வருகிறது என்றார்கள்.

ரெண்டு லட்சக் கணக்கை மறந்துவிடுங்கள். பெட்டி உளுத்திருந்தால் டிங்கரிங், பெயின்ட், வரி கட்டி வரவழைக்கும் சாமான் எல்லாம் சேர்த்துப் பத்து லட்சத்துக்குக் குறையாது என்பது என் கணக்கு. மூன்று வருடமும் ஆகும். பெட்டி கெட்டியாக இருந்து, வாரிசுகளும் ஒத்துக்கொண்டால் மூன்று லட்சம் வரை பேசலாம். பெட்டி போயிருந்தால் ஒன்றரைக்கு மேல் ஏறாதீர்கள். வாரிசுகள் இழுத்தால், இன்ஜின் தானாக ஸ்டார்ட் ஆனாலும் வேண்டாம்.