கையுறைக்குள் எலுமிச்சம்பழம்

கேள்வி: என் தம்பி குத்துச்சண்டை வீரன். ஏரியாவில் ஃபிளெக்ஸ் வைக்கும் அளவுக்குப் பெயர். அவன் மனைவி விவாகரத்தும் இடைக்கால ஜீவனாம்சமும் கேட்டு குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறாள். கையுறைக்குள் எலுமிச்சம்பழம் வைத்துச் சூனியம் செய்தான், காசு வாங்கிக்கொண்டு தோற்றான், ஸ்பான்சர் பணம் மாதம் 2 லட்சம் வருகிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறாள். தெருவே சிரிக்கிறது. என்ன செய்ய?
– ஒரு அக்கா, வியாசர்பாடி

பதில்: தெரு சிரிப்பது எலுமிச்சம்பழத்துக்கு. நீங்கள் பயப்பட வேண்டியது அந்த 2 லட்சத்துக்கு. இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் முடிவாவது இருவரின் வருமானத்தை வைத்துத்தான். கிரிக்கெட் வீரர் முகமது ஷமி மீது 2018 மார்ச்சில் அவர் மனைவி ஹசின் ஜஹான் சொன்ன சூதாட்டப் புகாரில், பி.சி.சி.ஐ.யின் ஊழல் தடுப்புப் பிரிவு அதே மாதம் அவரை விடுவித்தது. ஜீவனாம்ச வழக்கு அதோடு நிற்கவில்லை. 2025 ஜூலையில் கல்கத்தா உயர் நீதிமன்றம் மனைவிக்கு 1.5 லட்சம், மகளுக்கு 2.5 லட்சம் என மாதம் 4 லட்சம் இடைக்காலமாகக் கொடுக்கச் சொன்னது.

ஆகவே முதல் வேலை, சொத்து-கடன் பிரமாணப் பத்திரம். உச்ச நீதிமன்றத்தின் 2020 ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்புப்படி இரு தரப்பும் தாக்கல் செய்ய வேண்டும். தம்பிக்கு அதிகபட்சம் 4 வாரம். வாய்தா வாங்கி இழுத்தால் எதிர்வாதத்தையே நீக்கிவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. சம்பளச் சீட்டு, மூன்று வருட வங்கிக் கணக்கு, வருமான வரித் தளத்தில் கிடைக்கும் 26ஏ.எஸ். படிவம் (பிடித்த வரியின் கணக்கு) எல்லாம் சேருங்கள். மேடையில் அட்டைச் செக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோவை எதிர்த்தரப்பு நிச்சயம் காட்டும். பிடித்தம் போகக் கைக்கு வந்தது எவ்வளவு என்பதற்குக் காகிதம் வேண்டும். ஜிம்மில் கோச்சிங் கொடுத்துக் கையில் வாங்கும் பணத்தை மறைக்க வேண்டாம். குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால், உண்மையாகச் சொன்ன கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து கவுன்டர், அதாவது மனைவியின் மனுவுக்குத் தம்பியின் பதில் மனு. "அனைத்தும் பொய்" என்ற ஒற்றை வரி ஆபத்து. குறிப்பாக மறுக்காத விஷயத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. எனவே பாரா பாராவாகப் பதில் வேண்டும். சூனியத்துக்கு இரண்டு வரி போதும்: மறுக்கிறோம், தேதி, இடம், சாட்சி எதுவும் மனுவில் இல்லை. பதிலுக்கு "அவளுக்குத்தான் பைத்தியம்" என்று எழுதச் சொல்லித் தம்பி துடிப்பார், விடாதீர்கள். கணவருக்கு மனநோய் என்று மனைவி பதில் மனுவில் எழுதியதையே கொடுமையாக எடுத்து, 1993-இல் வி. பகத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கணவருக்கு விவாகரத்து கொடுத்தது. அந்தக் கத்தி இரு பக்கமும் வெட்டும்.

மனுவில் அடித்ததாக ஒரு பாரா இருந்தால், அதை விநோதக் கதைகளோடு சேர்த்துச் சிரிக்காதீர்கள். நடந்தது என்னவோ அதைத் தம்பி வக்கீலிடம் மறைக்காமல் சொல்லட்டும்.

வாட்ஸ்அப் பேச்சை ஆதாரமாகக் கொடுப்பதென்றால் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் மட்டும் போதாது. மின்னணு ஆதாரத்துக்கான பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் இணையுங்கள். பழைய போனை ஃபார்மேட் பண்ண வேண்டாம்.

பேச்சு அடங்க ஒரு வழி உண்டு. மூடிய அறையில் விசாரிக்கக் கேட்டு மெமோ போடலாம். ஒரு தரப்பு கேட்டாலே போதும் என்கிறது குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 11-ஆம் பிரிவு. அதற்கு முன், மனுவின் பக்கங்களை ஸ்டேட்டஸில் வைத்திருக்கும் தம்பியின் நண்பர்களை இன்றே எடுக்கச் சொல்லுங்கள்.