450 வாட் என்று யார் சொன்னது? கணினி வன்பொருள் கேள்வி–பதில்

கேள்வி: என் மடிக்கணினி திறந்து வேலைக்குத் தயாராக ஐந்து நிமிடம் ஆகிறது. ரேமைக் கூட்டுவதா, எஸ்எஸ்டி போடுவதா?

பதில்: கணினி திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ரேம் ஓரளவு காலியாக இருந்தும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியைப் போட்டால் போதும். இன்னமும் 4 ஜிபி ரேமோடு காலம் தள்ளுகிறீர்கள் என்றால் இரண்டுமே வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொரு சிறு கோப்பை எடுப்பதற்கும் வாசிக்கும் முனை நகர வேண்டும், தட்டு சுழன்று வர வேண்டும். ஒரு தேடலுக்கு 10 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு நூறு தேடல்தான் அதனால் முடியும். சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டிகூட அதே ஒரு விநாடியில் பல்லாயிரம் தேடல்களை முடித்துவிடும். டிஸ்க்கில் கை வைக்கும் முன் கோப்புகளுக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் தம்முடைய ஐ7 கணினியைத் தருவதாகச் சொல்கிறார். புதிய ஐ3 வாங்குவதைவிட அது மேல்தானே?

பதில்: எந்த ஐ7? அது இன்டெல் செயலிகளின் குடும்பப் பெயர். அதை மட்டும் எழுதி அனுப்பினால் ஆளை எப்படி அடையாளம் காண்பது? 2012இல் வந்த ஐ7-3770, 2022இல் வந்த ஐ3-12100 இரண்டிலும் இருப்பவை 4 கோர் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்). ஆனால் ஒரே வேலையைப் பின்னது ஏறத்தாழ பாதி நேரத்தில் முடித்துவிடும். மடிக்கணினியில் குழப்பம் இன்னும் அதிகம். மேசைக்கணினிக்கான ஐ7-7700இல் 4 கோர் இருக்க, அதே தலைமுறையின் ஐ7-7500யுவில் 2 கோர்தான். வால் போல ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'யு', மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ரகம் என்பதற்கான அடையாளம். விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், அடுத்த விண்டோஸ் 11ஐப் பெரும்பாலும் ஏற்காத, இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய கணினி இலவசமாகக் கிடைத்தாலும் யோசித்தே வாங்குங்கள். முழு மாடல் எண்ணை எழுதுங்கள் என்று மாதந்தோறும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கேள்வி: 1 டிபி டிஸ்க் வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, தயாரிப்பவர் ஆயிரத்தால் வகுக்கிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.

கேள்வி: எம்.2 எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, ஆனால் பயாஸில் (கணினி திறக்கும்போது வரும் அமைப்புத் திரையில்) தெரியவே இல்லை.

பதில்: எம்.2 என்பது வடிவத்தின் பெயர். அந்த வடிவத்தில் சாட்டா இணைப்பில் ஓடுவதும் உண்டு, அதைவிட வேகமான பிசிஐஇ தடத்தில் ஓடும் என்விஎம்இயும் உண்டு. விநாடிக்கு முன்னது 550 எம்பியைத் தாண்டாது, பின்னது பிசிஐஇ 3.0இல் 3,500, 4.0இல் 7,000 எம்பி வரை போகும். உங்கள் மதர்போர்டின் அந்த இடம் இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்பதாக இருக்கலாம். அதைக் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் வாங்கியிருக்க வேண்டும். மதர்போர்டின் மாடலையும் எஸ்எஸ்டியின் மாடலையும் எழுதாமல் 'தெரியவே இல்லை' என்றால், எனக்கும் தெரியாதுதான்.

கேள்வி: கேபினட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இருக்கிறது. 150 வாட் எடுக்கும் கிராபிக்ஸ் கார்டு போட்டால் தாங்குமா?

பதில்: 450 வாட் என்று யார் சொன்னது? பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாள் சொல்கிறது. அந்தத் தாளின் பெரிய எழுத்தை விட்டுவிட்டுக் கீழே உள்ள சிறிய அட்டவணையைப் படியுங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறார்களோ, அதை 12ஆல் பெருக்குங்கள். இப்படிக் கேபினட்டோடு இலவசமாக வந்த ஒன்றை அண்மையில் கழற்றிப் பார்த்தேன்: வெளியே 450 வாட் என்று கொட்டை எழுத்து, அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். ஆக, 192 வாட். மீதியை 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கில் எழுதி நிரப்பியிருந்தார்கள். செயலி 5 வோல்ட்டில் மின்சாரம் எடுத்த காலத்தில் அந்தக் கணக்குக்குக் கொஞ்சமாவது அர்த்தம் இருந்தது. 2000இல் பென்டியம் 4 வந்தபோதே அதற்கென்று தனியாக நான்கு முனை 12 வோல்ட் இணைப்பு வந்துவிட்டது. இன்று செயலியும் கிராபிக்ஸ் கார்டும் தங்களுக்கு வேண்டியதை ஏறத்தாழ முழுவதும் 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கின்றன. உங்கள் கார்டுக்கு 150, செயலிக்கு 100, மற்றவற்றுக்கு 50 என்று வைத்தால் 12 வோல்ட்டில் மட்டும் 300 வாட் வேண்டும். நான் பார்த்த அந்தப் பெட்டியால் அது நடக்காது. உள்ளே ஓரத்தில் இரண்டு கெபாசிட்டர்கள் தலை உப்பி நின்றன, கெட்டுவிட்டதற்கு அதுவே அடையாளம்.

செயலிக்கும் கார்டுக்கும் நாள்கணக்கில் ஆராய்ந்து பார்த்து வாங்குபவர்கள், எஸ்எம்பிஎஸ் என்று வரும்போது மட்டும் "எதையாவது கொடுங்கள்" என்று சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. கெட்டுப்போனால், தன்னோடு இருப்பவற்றையும் சேர்த்துக் கெடுக்கக்கூடிய உறுப்பு அது. 80 பிளஸ் முத்திரை நல்லதே, ஆனால் அது மின்சாரம் வீணாகும் அளவை மட்டுமே சொல்கிறது. தரத்துக்கு உத்தரவாதம் அன்று. பழைய டிஸ்க்குகளுக்கான நான்கு முனை (மோலெக்ஸ்) இணைப்பிலிருந்து கார்டுக்கு மின்சாரம் இழுக்கும் மாற்றுக் கேபிள் பக்கம் போகாதீர்கள். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள ரகமாக இருந்தால், ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை இன்னொன்றில் மாட்டாதீர்கள்: முனை பொருந்தும், உள்ளே வயர் வரிசை மாறியிருக்கும், டிஸ்க் ஒரே நொடியில் போய்விடும்.

கேள்வி: 16 ஜிபி ஒரே ரேமாக வாங்குவதா, 8 ஜிபி இரண்டாகவா?

பதில்: இரண்டாக. இரு தடங்களில் தரவு போவதால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். நான்கு இடம் உள்ள மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் செயலியிலிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது இடங்களில் செருக வேண்டும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வேகம் தானாக வந்துவிடாது; பயாஸில் அந்த வேகத்துக்கான எக்ஸ்எம்பி அமைப்பை இயக்க வேண்டும்.

கேள்வி: 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டைவிட 4 ஜிபி கார்டு இரு மடங்கு வேகமா?

பதில்: ஜிபி என்பது குடத்தின் கொள்ளளவு, தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும் என்பதைக் குழாய்தான் தீர்மானிக்கும். ஜிடி 1030 என்ற ஒரே பெயரில், 2 ஜிபி என்ற ஒரே அளவில் இரண்டு வகைகள் உண்டு. ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளது விநாடிக்கு 48 ஜிபி கடத்தும். 2018இல் வந்த டிடிஆர்4 வகை 17 ஜிபியைக்கூடத் தொடாது. மறுபடியும் சொல்கிறேன், முழு மாடல் எண்.

கேள்வி: மாதம் பத்துப் பக்கம் அச்சிட இங்க்ஜெட் போதுமா?

பதில்: சும்மா கிடந்தால் மை உலர்ந்து முனை அடைத்துக்கொள்ளும். கறுப்பு–வெள்ளை லேசர் வாங்குங்கள். ஆனால் அதை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், உள்ளே உள்ள சூடேற்றும் உருளை இழுக்கும் மின்சாரத்தைச் சாதாரண யுபிஎஸ் தாங்காது.

கேள்வி: நான்கு நாள்களாக ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வருகிறது. கணினி ஓடுகிறது, நகல் எதுவும் இல்லை. மென்பொருள் ஏதேனும் போட்டுச் சரிசெய்யலாமா?

பதில்: நான்கு நாள்கள்! அது இயந்திரக் கோளாறு. மென்பொருளுக்கு அங்கே வேலை இல்லை. ஸ்கேன் செய்வது, டிபிராக் செய்வது, குளிர்பதனப் பெட்டியில் வைப்பது எதுவும் வேண்டாம். டிஸ்க் இன்னமும் கோப்புகளைக் காட்டினால், மிக முக்கியமானவற்றை மட்டும் முதலில் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். சத்தம் கூடினாலோ கோப்பு திறக்க மறுத்தாலோ அந்த நொடியே நிறுத்திவிட்டு, தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவரிடம் கொண்டு போங்கள். இந்தப் பதிலை அதே கணினியில் படித்துக்கொண்டிருந்தால், படித்தது போதும், அணையுங்கள்.