கேள்வி-பதில்: நாணயச்சாலைப் பிழையா, பட்டறை வேலையா?

கேள்வி: நாணயக் கண்காட்சி ஒன்றில் 1998ஆம் ஆண்டின் ஒரு ரூபாய் எஃகு நாணயத்தை 3,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒரு பக்கம் சிங்க முத்திரை வழக்கம்போல் இருக்கிறது. மறுபக்கத்தில் ‘1’ என்ற எண்ணும் கதிர்களும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிந்திருக்கின்றன. “லக்கி, ரொம்ப அபூர்வம்” என்றார் விற்றவர். நண்பர் போலி என்கிறார். யார் சொல்வது சரி? (திருப்பூர் வாசகர்)

பதில்: உங்கள் நண்பர் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். காரணம் நீங்கள் எழுதிய வரியிலேயே இருக்கிறது.

‘லக்கி’ என்று சேகரிப்பாளர்கள் சொல்வது அதிர்ஷ்டத்தை அல்ல, நாணயச்சாலையில் நேரும் ஒரு வகை அச்சுப் பிழையை. அங்கே இன்னும் அச்சாகாத வெறும் உலோக வில்லை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வந்து அடிபடுகிறது. அடிபட்ட நாணயம் சில நேரம் வெளியே விழாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். எண்ணும் கதிர்களும் உள்ள அச்சில் ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். அப்போது அந்த நாணயத்தின் சிங்க முகம்தான் வெளியே தெரியும். அடுத்து வரும் வில்லைக்கு ஒரு பக்கம் சிங்க அச்சு வழக்கம்போல் அடிக்கும். மறுபக்கம், ஒட்டியிருக்கும் நாணயத்தின் சிங்கம் அதன்மேல் அழுந்தி இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும். ஆகவே அசல் லக்கி நாணயத்தில் இரு பக்கமும் ஒரே உருவம்தான் இருக்க வேண்டும்: இங்கே மேடான சிங்கம், அங்கே இடவலம் மாறிய பள்ளச் சிங்கம். உங்கள் நாணயத்தில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் கதிர். ஒட்டிய நாணயம் பிடி விட்டு, புரண்டு, மறுபடி சரியான இடத்தில் விழுந்தால்தான் இப்படி நேரும். அது அரிதிலும் அரிது. இரண்டு நாணயங்களைப் பட்டறை வைஸில் வைத்து நெருக்கினால் ஐந்து நிமிடத்தில் நேர்ந்துவிடும்.

முடிவு செய்யும் முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு, சன்னல் ஓரம் நாணயத்தைச் சாய்த்துப் பிடித்துச் சிங்கப் பக்கத்தைப் பாருங்கள். வைஸில் அழுத்தியிருந்தால் அந்தப் பக்கமும் நசுங்கியிருக்கும். சிங்கங்களின் மூக்கும் பிடரியும் புழக்கத்தில் தேய்ந்தால் மழுங்கி உருண்டிருக்கும்; நசுங்கியிருந்தால் சமதளமாகப் பளபளக்கும். அடுத்து, பள்ளத்தின் அடியில் பழைய மேட்டெழுத்தின் நிழல் தெரிகிறதா என்று தேடுங்கள். தெரிந்தால் அது முன்பே அச்சான நாணயம்; சந்தேகத்துக்கே இடமில்லை. கடைசியாக, நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அந்தக் கால எஃகு ஒரு ரூபாயின் எடை 4.85 கிராம். ஒரு பக்கத்தை அரத்தால் ராவி வழித்துவிட்டுப் பிறகு அழுத்தியிருந்தால் எடை குறைந்திருக்கும்.

எந்தப் பிழை நாணயத்தையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். இயந்திரத்தில் இது எப்படி நேர்ந்தது என்று விற்பவர் படிப்படியாகச் சொல்லட்டும். அவரால் முடியாவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள். விளிம்பில் பிறைபோல் வெட்டுப்பட்ட நாணயத்துக்கும் இதுவே அளவுகோல். தகட்டில் வில்லை வெட்டும்போதே குறைபட்டிருந்தால், வெட்டுக்கு நேர் எதிர்ப்புறத்திலும் விளிம்பு மேடு மங்கலாக இருக்கும். வில்லைக்கு விளிம்பு ஏற்றும் இயந்திரத்தில் அந்த இடத்துக்கு எதிர் அழுத்தம் கிடைக்காததே காரணம். வீட்டில் கத்தரித்தவருக்கு வெட்டு வைக்கத் தெரியும், எதிர்ப்புறத்து மங்கல் வைக்கத் தெரியாது.

பில் இருக்கிறதா? “அசல் நாணயச்சாலைப் பிழை” என்று அதில் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. முதலில் எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: வைஷ்ணவ தேவி உருவம் பதித்த ஐந்து ரூபாய் நாணயம் என்னிடம் இருக்கிறது. இணையத்தில் விளம்பரம் பார்த்துப் படம் அனுப்பினேன். பத்து லட்சம் தருவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கி முத்திரையிட்ட கடிதமும் அனுப்பினார்கள். பதிவுக் கட்டணம் 2,100 ரூபாய் கட்டிவிட்டேன். இப்போது ஜி.எஸ்.டி. என்று 12,000 ரூபாய் கேட்கிறார்கள். (விருதுநகர் வாசகி)

பதில்: அம்மா, இன்னும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் போன விவரம், அவர்கள் பேசிய எண், அந்தக் கடிதம் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

அந்த நாணயம், வைஷ்ணவ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012இல் வந்தது; சில்லறையோடு சில்லறையாகக் கைமாறிய நாணயம். அதற்குப் பத்து லட்சம் தர யாரும் இல்லை. ரிசர்வ் வங்கியும் 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது: பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, கட்டணமோ கமிஷனோ யாரிடமும் கேட்பதில்லை என்று. பொருளை விற்கப் போகிறவர் கைக்காசு கட்டுவது எந்தச் சந்தையிலும் வழக்கமில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்தால் திட்டுவார்கள் என்று மறைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மறைக்க வேண்டாம். ஏமாற்றியவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

கேள்வி: தாத்தா வைத்திருந்த வெள்ளி ரூபாய்கள் 23 கிடைத்தன. கறுத்துக் கிடந்ததால் நான்கைப் புளி போட்டுத் தேய்த்துத் திருநீற்றால் பளபளப்பாக்கினேன். அதில் ஒன்று 1911. சிங்கப்பூரிலிருந்து வரும் சித்தப்பா, அங்கே நல்ல விலை கிடைக்கும், எடுத்துப்போகிறேன் என்கிறார். (காரைக்குடி வாசகர்)

பதில்: மீதி 19ஐத் தயவுசெய்து தொடாதீர்கள். குத்துவிளக்குக்குப் புளி நல்லது, வெள்ளிக் கிண்ணத்துக்குத் திருநீறு நல்லது, நாணயத்துக்கு இரண்டும் விஷம். லென்ஸ் வழியாகப் பார்த்தால், தேய்த்த நாணயத்தின் வெற்றிடமெல்லாம் தலைமுடிபோல் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். அந்தக் கறுப்பு அழுக்கல்ல. நூறாண்டுக் காற்று வெள்ளியின்மேல் போட்ட படலம். வாங்குகிறவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். ஒருமுறை போனால் திரும்ப வராது.

1911 ரூபாய்க்கு ஒரு கதை உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் ஒரு யானை இருக்கும். அதன் தும்பிக்கை குட்டையாக அமைந்து பன்றிபோல் தெரிய, முஸ்லிம்கள் மனம் புண்பட்டார்கள். அரசு நாணயத்தைத் திரும்பப் பெற்றது. 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டது. சேகரிப்பாளர்கள் இன்றும் அதைப் ‘பன்றி ரூபாய்’ என்பார்கள். தேய்த்திருந்தாலும் பத்திரமாக வையுங்கள். தரம் பார்க்க, மன்னரின் காது, கிரீடத்தின் பட்டை, அந்த யானை மூன்றையும் கவனியுங்கள். மேடான இடங்கள்தான் முதலில் தேயும். யானையின் உடல் கோடுகள் தெளிவாக இருந்தால் நல்ல தரம். வெறும் மேடாக மட்டும் தெரிந்தால் புழங்கிய நாணயம்.

உங்கள் நாணயங்களில் 1939ஆம் ஆண்டு இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அது அபூர்வம், ஆகவே கள்ளப் பிரதிகளும் அதிகம். ஒரு நிபுணர் பார்க்காமல் விலை பேச வேண்டாம். அதுவரையிலான வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். எந்த நாணயத்தையும் அன்றைய வெள்ளி விலைக்குக் கீழே கொடுத்துவிடாதீர்கள். 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது.

சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. விமான நிலையத்தில் பிடிபட்டால் தாத்தாவின் நாணயமும் போகும், வழக்கும் வரும்.

கேள்வி: பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து ‘எம்.எஸ். 65’ என்று தரமிட்ட நாணயத்தை நம்பலாமா? (சேலம் வாசகர்)

பதில்: நம்பலாம், பெட்டி அசலாக இருந்தால். 1 முதல் 70 வரையிலான இந்த அளவுகோலை ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் தம் நாட்டுப் பழைய செம்புச் சென்ட்டுகளுக்காக வகுத்தார். 60 முதல் மேலே உள்ளவை ‘எம்.எஸ்.’ (மின்ட் ஸ்டேட்), அதாவது புழங்காத நாணயம். பெட்டியின் எண்ணைத் தரமிட்ட நிறுவனத்தின் தளத்தில் தட்டி, அங்குள்ள படத்தோடு உங்கள் நாணயத்தின் கீறல்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எண் மட்டும் பொருந்தினால் போதாது. பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள்.

கேள்வி: ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் விலை அதிகமாமே? (பள்ளி மாணவர், நாகர்கோவில்)

பதில்: இல்லை தம்பி. நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, சாய்சதுரம் மும்பை, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. எந்த ஊரில் அச்சானது என்று அந்தக் குறி சொல்கிறது, அவ்வளவுதான். ஒரே ஆண்டு ஐந்து ரூபாயை நான்கு ஊர்க் குறிகளோடும் தேடிச் சேர்த்துப் பார். உண்டியல் சில்லறையிலேயே தொடங்கலாம்.